குறட்டை விட்டவர் தூங்கவில்லை

"நைட்டெல்லாம் பொட்டுத் தூக்கம் இல்ல."

"நீ வுட்ட கொறட்டைல நாங்கதான் தூங்கல."

காசிமேட்டிலோ தண்டையார்பேட்டையிலோ பால் பாக்கெட் வாங்கப் போகிற நேரத்தில் எந்தச் சந்திலும் காதில் விழக்கூடிய பேச்சு இது. ராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் என்று கடலோரமாக நீளும் இந்தப் பகுதியில் ராத்திரி என்றால் ஊர் அடங்கிவிடும் என்று யாரும் எதிர்பார்ப்பதில்லை. கன்டெய்னர் லாரிகள் துறைமுகத்தைப் பார்த்து வரிசை கட்டி நிற்கும். காசிமேட்டில் விடியும் முன்பே மீன் ஏலம் கூடிவிடும். ஆலைகளில் நைட் ஷிப்ட் ஓடும். தூங்கினாயா இல்லையா என்ற வீட்டுச் சண்டை பெரும்பாலும் சிரிப்பில் முடிந்துவிடும்.

சில வீடுகளில் முடிவதில்லை. ஒருவர் வாரக்கணக்கில் இதையே சொல்கிறார். சாப்பாடு இறங்கவில்லை, வேலைக்குக் கிளம்ப மனமில்லை, பேசப் பிடிக்கவில்லை. வீட்டாருக்கோ அவர் தூங்கியது கண்ணால் கண்ட உண்மை. கடைசியில் "சும்மா சொல்றாரு" என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். மனச்சோர்வு நோய் இந்த ஊர்களில் பெரும்பாலும் சோகம் என்ற பெயரில் வருவதில்லை. உடம்பு வலி, தலைபாரம், தூக்கமின்மை என்றுதான் கிளினிக் வாசலில் வந்து நிற்கும். பெங்களூரு நிம்ஹான்ஸ் 2015-16-ல் நடத்திய தேசிய மனநல ஆய்வின்படி இந்தியாவில் ஏறத்தாழ 20 பேரில் ஒருவர் வாழ்வில் ஒருமுறையாவது மனச்சோர்வுக்கு ஆளானவர். அவர்களில் மிகப் பலர் தூக்கத்தைப் பற்றிச் சொல்லும் கணக்கும் மற்றவர்கள் சொல்லும் கணக்கும் ஒத்துப்போவதில்லை. இதில் யார் பொய் சொல்கிறார்கள் என்று தேடிப் போன உறக்க அறிவியல், இருவருமே உண்மைதான் சொல்கிறார்கள் என்ற இடத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறது.

ஜெர்மனியின் ஜெனா நகரில் ஹான்ஸ் பெர்கர் என்ற மனநல மருத்துவர் 1924-ல் மனித மூளையின் மின்னலைகளை முதன்முதலாகப் பதிவு செய்தார். நம்பத் தயங்கித் தயங்கி 1929-ல்தான் அச்சில் வெளியிட்டார். கண்ணை மூடிச் சும்மா இருப்பவரின் தலையில் விநாடிக்குப் பத்துத் தடவை போல எழுந்து விழும் அலையை அவர் கண்டார், அதுதான் ஆல்பா. இன்றைக்கு உறக்கப் பரிசோதனைக் கூடத்துக்குப் போனால் உச்சந்தலையிலும் கண்ணோரத்திலும் தாடையிலும் சின்னச் சின்ன மின்முனைகளை ஒட்டிப் படுக்க வைக்கிறார்கள். இரவு முழுவதும் ஓடும் வரைபடத்தை 30 விநாடித் துண்டுகளாக வெட்டி, ஒவ்வொரு துண்டுக்கும் விழிப்பு, மேலோட்ட உறக்கம், ஆழ்ந்த உறக்கம், கனவு மிகுந்த ரெம் உறக்கம் என்று ஒரு பெயர் கொடுக்கிறார்கள்.

ஏன் 30 விநாடி? பழைய கருவிகளில் காகிதம் விநாடிக்கு ஒரு சென்டிமீட்டர் ஓடியது. ஒரு பக்கத்தின் அகலம் 30 சென்டிமீட்டர். உடம்பில் அப்படி எந்தக் கணக்கும் இல்லை. எட்டு மணி நேர இரவு 960 துண்டுகள். ஒரு துண்டில் 16 விநாடி உறக்கமும் 14 விநாடி விழிப்பும் இருந்தால் துண்டு முழுவதும் உறக்கம் என்றே எழுதப்படும். படுத்திருந்தவர் அந்த 14 விநாடியை நினைவில் வைத்திருந்தால் அது கணக்கில் சேராது. கருவியையே கடைசிச் சாட்சி என்று வைத்துக்கொண்டு நோயாளியை மடக்குகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

அப்படியும், மூன்று மணி நேரம்கூடத் தூங்கவில்லை என்று சொன்னவரின் வரைபடம் ஆறு மணி நேரத்துக்கு மேல் காட்டினால்? 30 விநாடிப் பக்கத்தின் மேல் பழி போட்டு இவ்வளவு பெரிய வித்தியாசத்தைத் தாண்ட முடியாது. அலைகளுக்குள்ளேயே இறங்கித்தான் பார்க்க வேண்டியிருந்தது.

ஆழ்ந்த உறக்கத்தில் மூளையின் புறணியில் லட்சக்கணக்கான நரம்பணுக்கள் ஒன்றாகச் சுடுகின்றன, ஒன்றாக அடங்குகின்றன. விநாடிக்கு நான்குக்கும் குறைவான, உயரமான மெதுவான அலைகள் அதனால்தான் எழுகின்றன. இவற்றுக்கு டெல்டா என்று பெயர். சற்று மேலோட்டமான உறக்கத்தில் விநாடிக்கு 11 முதல் 16 வரை துடிக்கும் குட்டி அலைக்கொத்துகள் அவ்வப்போது தோன்றும். காதிலிருந்து வரும் சேதி மேலே ஏறும் வழியில் இருக்கும் தலாமஸ், இந்தத் துடிப்பு நேரத்தில் சத்தத்தை மட்டுப்படுத்துகிறது. ஹார்வர்டில் டான்-வூ, எலன்போகன் ஆகியோர் 2010-ல் வெளியிட்ட ஆய்வில், அமைதியான இரவில் இந்தக் கொத்துகள் அதிகம் காணப்பட்டவர்கள், மறுநாள் தொலைபேசி, வாகனச் சத்தங்களை ஓடவிட்டபோதும் அசையாமல் தூங்கினார்கள். கொருக்குப்பேட்டைப் பக்கம் கூட்ஸ் வண்டி வீட்டுச் சுவரை உலுக்கிக்கொண்டு போகும்போது ஒரே பாயில் படுத்திருப்பவர்களில் ஒருவர் எழுந்து உட்காருவதற்கும் இன்னொருவர் புரண்டுகூடப் படுக்காததற்கும் பழக்கம் பாதிக் காரணம் என்றால், தலாமஸ் மீதிக் காரணம்.

இந்த மெதுவான அலைகளின் மேலேயே வேகமான அலைகளும் ஓட முடியும். 2002-ல் டியூக் பல்கலைக்கழகத்தில் ஆண்ட்ரூ கிரிஸ்டலும் சகாக்களும் ஒரு குறிப்பிட்ட வகை நோயாளிகளை எடுத்துக்கொண்டார்கள். வரைபடத்தில் தூக்க நேரம் சரியாக இருக்கும். அவர்களோ தூங்கவே இல்லை என்பார்கள். 30 விநாடிக்கு ஒரு பெயர் கொடுக்கிற பழைய முறையை விட்டுவிட்டு, எந்த வேகத்து அலை எவ்வளவு வலுவாக இருக்கிறது என்று கணினியில் பிரித்துப் பார்த்தார்கள். உறக்கம் என்று குறிக்கப்பட்ட துண்டுகளிலேயே டெல்டா குறைவு. விழிப்புக்கு உரிய ஆல்பா, பீட்டா போன்ற வேக அலைகள் கூடுதல். தூங்கவில்லை என்ற புகாருக்கு மூளையிலேயே தடயம் இருந்தது. பழைய முறையின் சல்லடைக் கண் பெரிதாக இருந்ததால் அத்தனை நாளும் நழுவிப் போயிருந்தது.

நாம் தூக்கத்தை ஒரே ஸ்விட்ச் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். மூளை அப்படியில்லை, அது ராத்திரி நேரத்து துறைமுகம். ஒரு பெர்த்தில் விளக்கணைத்துக் கிடக்கிறது கப்பல், பக்கத்து பெர்த்தில் கிரேன் பெட்டி இறக்கிக்கொண்டிருக்கிறது; "ஹார்பர் மூடியாச்சா?" என்று கேட்டால் ஆமாம் என்பதும் இல்லை என்பதும் தப்பு. வலிப்பு நோய் சிகிச்சைக்காக மூளைக்குள்ளேயே மின்முனை வைக்கப்பட்டவர்களை யுவால் நிர், ஜூலியோ தொனோனி குழு ஆராய்ந்து 2011-ல் வெளியிட்டது. ஆழ்ந்த உறக்க அலைகளில் பெரும்பாலானவை மூளை முழுவதும் ஒரே நேரத்தில் எழுபவை அல்ல, அங்கங்கே தனித்தனியாக எழுபவை என்று தெரிந்தது. அதே ஆண்டில் விளாடிஸ்லாவ் வியாசோவ்ஸ்கி, வெகுநேரம் விழித்திருந்த எலிகளில் இதன் மறுபக்கத்தைக் காட்டினார்: கண் திறந்து நடமாடும் எலியின் புறணியில் சில அணுக்கூட்டங்கள் மட்டும் சட்டென்று அணைந்து, தூக்கத்துக்குப் போய்த் திரும்புகின்றன. நைட் ஷிப்டின் கடைசி மணியில் மெஷினைப் பார்த்துக்கொண்டே கை தவறுகிறவர் இந்த எலியின் நிலையில்தான் இருக்கிறார்.

தூக்கம் எப்போது ஆழமாக இருப்பதாகத் தோன்றும் என்ற கேள்விக்கு சுவிட்சர்லாந்தின் லோசான் நகரிலிருந்து பிரான்செஸ்கா சிக்லாரியின் குழு 2021-ல் தந்த பதில் இன்னும் தலைகீழ். நன்றாகத் தூங்குகிறவர்களையும் தூக்கம் வராதவர்களையும் இரவில் பல தடவை எழுப்பி, "இப்போது தூங்கிக்கொண்டிருந்தீர்களா, எவ்வளவு ஆழமாக?" என்று கேட்டார்கள். டெல்டா அலைகள் மலையாகக் குவியும் முதல் இரண்டு மணி நேரத்தில்தான், விழித்திருந்தோம் என்ற உணர்வு மிக அதிகமாக இருந்தது. நோயில்லாதவர்களுக்கும் இப்படித்தான். கனவு நிறைந்த ரெம் உறக்கத்தில் எழுப்பியபோதோ, ஆழ்ந்து தூங்கினேன் என்றார்கள். வரைபடத்தில் ரெம் உறக்கம் விழிப்புக்கு மிக நெருங்கிய சுறுசுறுப்பு உடையது. ஆக, மூளை எவ்வளவு அமைதியாக இருந்தது என்பதை வைத்து நாம் தூக்கத்தை எடை போடுவதில்லை போலிருக்கிறது. கனவுக்குள் முழுகி வெளியுலகம் மறந்துபோனால் அது தூக்கம். தன்னினைவோடு ஏதோ யோசனை ஓடிக்கொண்டிருந்தால், டெல்டா எத்தனை உயரம் எழுந்தாலும் அது விழிப்பு.

மனச்சோர்வு நுழைந்து குழப்புவது இங்கேதான்.

சாதாரணமாகத் தூங்கி ஏறத்தாழ 90 நிமிடம் கழித்து முதல் ரெம் உறக்கம் வரும். மனச்சோர்வு உள்ளவர்கள் பலருக்கு அது ஒரு மணி நேரத்துக்குள்ளேயே வந்துவிடுகிறது. பிட்ஸ்பர்க்கில் டேவிட் குப்ஃபர் 1976-லேயே இதை நோயின் அடையாளமாக முன்வைத்தார். இரவின் முற்பகுதியில் டெல்டா மெலிகிறது. விடியற்காலை மூன்று, நான்கு மணிக்கு விழிப்பு தட்டிவிடுகிறது. அப்புறம் தூக்கம் திரும்புவதில்லை. அதே பிட்ஸ்பர்க்கில் எரிக் நாஃப்சிங்கர் குழு 2000-ல், மனச்சோர்வு உள்ளவர்கள் உறங்கும்போது மூளையின் எந்தப் பகுதி எவ்வளவு சர்க்கரை எரிக்கிறது என்று பெட் ஸ்கேனில் பார்த்து, அதே நேரத்து பீட்டா அலைகளோடு பொருத்தியது. வேக அலை கூடுதலாக இருந்தவர்களுக்கு நெற்றிக்குப் பின்னால் நடுக்கீழ்ப் பகுதி அதிகம் எரிந்துகொண்டிருந்தது. காலையில் தங்கள் தூக்கத்தை மோசம் என்று சொன்னவர்களும் அவர்களே. தன்னைப் பற்றி நினைப்பதிலும் நல்லது கெட்டது என்று மனம் எடை போடுவதிலும் பங்கு உள்ள பகுதி அது. கடன், பிள்ளையின் ஃபீஸ், போன வருஷம் யாரோ சொன்ன வார்த்தை என்று பகலெல்லாம் அரைத்த மாவையே அரைக்கிற இடம், உடம்பு தூங்கிய பிறகும் ஷிப்ட் முடித்துக் கிளம்பவில்லை.

இதற்கு மேல் நினைவின் ஓரவஞ்சனை. தூங்கிய நேரத்துக்கு நினைவில் தடமே கிடையாது. ஒரு மணிக்கு விழித்தது தெரியும், இரண்டேகாலுக்கு விழித்தது தெரியும். நடுவில் இருந்தது தெரியாது. அந்த இரண்டு விழிப்புகளையும் சேர்த்துத்தான் மனம் இரவைக் கட்டுகிறது. நன்றாகத் தூங்குகிறவரும் இரவில் பலமுறை விழிக்கிறார். ஆனால் அந்த விழிப்பில் அவருக்குக் கவலைப்பட எதுவும் இல்லாததால் புரண்டு படுத்து மறந்துவிடுகிறார். மனச்சோர்வு உள்ளவர் ஒவ்வொரு விழிப்பிலும் மணி பார்க்கிறார், நாளைய வேலையை நினைத்து நெஞ்சு அடித்துக்கொள்கிறது. கலவரப்பட்ட விழிப்பு நினைவில் நன்றாகப் பதியும்.

இந்த நோயின் இன்னொரு வினோதம், தூங்கவில்லை என்ற புகாரையே வேறு வெளிச்சத்தில் காட்டுகிறது. ஜெர்மனியில் பிஃப்லூக், டோலே ஆகியோர் 1971-ல் விவரித்தது: மனச்சோர்வு உள்ளவரை இரவு முழுக்க ஒரு நிமிடம்கூடத் தூங்கவிடாமல் வைத்திருந்தால், கிட்டத்தட்ட பாதிப் பேருக்கு மறுநாள் மனம் தெளிந்துவிடுகிறது. மாதக்கணக்கில் மாத்திரையில் தெளியாதவர்கள்கூடச் சிரிக்கிறார்கள். அடுத்த இரவு தூங்கி எழுந்ததும் பெரும்பாலோருக்குப் பழைய இருள் திரும்பிவிடுகிறது. அப்படியானால், "கண்ணே மூடல" என்று சொல்லிக்கொண்டு காலையில் பாறையாய் கனத்துக் கிடப்பவர் உண்மையிலேயே கண் மூடாமல் இருந்திருந்தால் கொஞ்சமாவது லேசாக இருந்திருக்க வேண்டாமா? எல்லோருக்கும் பொருந்தும் நிரூபணம் அல்ல இது. பாதிப் பேருக்குத்தான் அந்த விளைவு. ஆனாலும் யோசிக்க வைக்கிறது. அவர் படும் பாடு தூக்கம் இல்லாததால் வந்ததைவிட, ஒரு குறிப்பிட்ட விதமான தூக்கத்தால் வந்தது போலத் தெரிகிறது. வீட்டில் இதைச் செய்து பார்க்கக் கூடாது. இருமுனை மனநோய் உள்ளவருக்கு ஓர் இரவு விழிப்பே வெறிநிலையைக் கிளப்பிவிடலாம்.

எண்ணூருக்கு வருவோம். 2023 டிசம்பர் 26 நள்ளிரவை ஒட்டி, கோரமண்டல் இன்டர்நேஷனல் உர ஆலைக்குக் கடலுக்கடியில் வரும் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தது. பெரியகுப்பம், சின்னகுப்பம் மக்கள் மூச்சு முட்டி, குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு ஓடினார்கள். பலர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். அந்த மாதத் தொடக்கத்தில்தான் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவு எண்ணூர்க் கழிமுகத்துக்குள் வந்திருந்தது. வாசனை மட்டும் ஆழ்ந்து தூங்குகிறவரை எழுப்புவது அரிது. கார்ஸ்கடன், ஹெர்ஸ் ஆகியோரின் 2004 ஆய்வில் மூக்கைப் பிடிக்கவைக்கும் பிரிடின் நாற்றத்துக்கும் ஆழ்ந்து தூங்கியவர்கள் எழவில்லை. அம்மோனியா கண்ணையும் தொண்டையையும் எரிப்பது. முகத்தின் எரிச்சலையும் வலியையும் உணர்த்தும் முக்கிளை நரம்பு (ட்ரைஜெமினல்) வழியாக அது எழுப்பும். அப்படி ஒரு ராத்திரியைப் பார்த்துவிட்ட மூளை, மறு ராத்திரி முழுதாக அணைந்துவிடச் சம்மதிக்குமா?

ஆபத்து எதுவும் இல்லாத இடத்திலேயே அது சம்மதிப்பதில்லை. பிரவுன் பல்கலைக்கழகத்தில் மசாகோ தமாகி, யுகா சசாகி ஆகியோர் 2016-ல் காட்டியபடி, புது இடத்தில் படுக்கும் முதல் இரவில் மூளையின் இடது பாதி வலது பாதியைவிட மேலோட்டமாகத்தான் தூங்குகிறது. வினோதமான சத்தம் கேட்டால் அதுவே முதலில் உஷாராகிறது. மீனவர்கள் ஓங்கல் என்று சொல்லும் டால்பின் பாதி மூளையால் மாறி மாறித் தூங்குவது ஊரறிந்த கதை. நம்மிடமும் அதன் வாடை மிச்சம் இருக்கிறது. ஆலைச் சுவரை ஒட்டி வாழ்கிறவர் ஒரு காதைத் திறந்துவைத்துத் தூங்கினால் அதை நோய் என்று மட்டும் எழுதிவிட எனக்கு மனம் வரவில்லை. அவருடைய மூளை சுற்றுப்புறத்தைச் சரியாகவே படித்திருக்கிறது. அதோடு மனச்சோர்வும் சேர்ந்தால் காவல் உள்பக்கமாகத் திரும்பிக்கொள்கிறது. வெளியே குழாய் கசிகிறதா என்று கேட்டிருந்த காது, தன் மனதுக்குள்ளேயே ராத்திரியெல்லாம் ஒட்டுக் கேட்கத் தொடங்குகிறது.

திருவொற்றியூர்க் கடலோரத்தில் பட்டினத்தார் சமாதி இருக்கிறது. அவருடைய சீடராகச் சொல்லப்படும் பத்திரகிரியார், உறக்கத்தின் சுகமும் வேண்டும், அறிவும் அணையக்கூடாது என்று ஏங்கிப் பாடியவர். உடல் உறங்க உணர்வு விழித்திருப்பதை நம் மரபு பேறாகவே கருதியது. 1970-ல் அமெரிக்காவின் டொபீகா நகரில் அப்போது இருந்த மெனிஞ்சர் நிறுவனத்தில் எல்மர் கிரீன், இமயத்திலிருந்து வந்த சுவாமி ராமாவின் தலையில் மின்முனைகளைப் பொருத்திப் பார்த்தார். டெல்டா அலைகள் ஓடும் நிலையில் 25 நிமிடம் கிடந்தவர், எழுந்ததும் அறையில் பேசப்பட்டவற்றைத் திருப்பிச் சொன்னார் என்று பதிவு செய்திருக்கிறார். ஒரே ஒருவரிடம் பார்த்த ஒன்று. அதன்மேல் பெரிய கோட்டை கட்ட வேண்டியதில்லை. ஆனால் ஆழ்ந்த உறக்க அலையோடு விழிப்பின் உணர்வும் சேர்ந்திருக்க முடியும் என்பதற்கு லோசான் ஆய்வும் இருக்கிறது. யோகிக்கும் மனச்சோர்வு உள்ளவருக்கும் அலையளவில் ஏதோ ஒற்றுமை இருந்தாலும் இருக்கலாம். விழித்திருக்கிற மனம் என்ன செய்கிறது என்பதில்தான் இருவரும் பிரிகிறார்கள். ஒருவர் சும்மா இருக்கிறார். மற்றவருக்குச் சும்மா இருக்க முடியவில்லை. அதுதான் அவர் நோயே.

மாத்திரை போட்டால்? இங்கேயும் ஒரு முடிச்சு. பென்சோடயசிபைன் வகைத் தூக்க மாத்திரைகள் வரைபடத்தில் பீட்டா அலைகளைக் கூட்டுகின்றன. கிரிஸ்டலின் கணக்குப்படி தூக்கம் கெட்டதாகத் தோன்ற வேண்டும். ஆனால் போட்டவர்கள் நன்றாகத் தூங்கினேன் என்கிறார்கள். வாலஸ் மெண்டல்சன் தொண்ணூறுகளில் செய்த சோதனைகளில், மாத்திரை போட்டவர்களை இரவில் எழுப்பிக் கேட்டபோது தூங்கிக்கொண்டிருந்தேன் என்று சொல்வது கூடியது. விழிப்பை மறக்கடிக்கும் குணம் இந்த மாத்திரைகளுக்கு உண்டு, கவலையையும் தணிக்கும். வேக அலை மட்டுமே முழுக் காரணம் இல்லை என்பது இதிலிருந்து தெரிகிறது. பழக்கமாகிவிடுவதால் மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கிப் போடும் சரக்கு அல்ல. குவார்ட்டரும் அப்படியே: சீக்கிரம் கண்ணைச் சொருகும், பின்னிரவைக் கிழித்துப்போடும்.

கையில் கட்டும் ஸ்மார்ட் வாட்ச் மூளையைப் பார்ப்பதே இல்லை. அசைவையும் நாடியையும் வைத்து ஊகிக்கிறது. கண் விழித்து அசையாமல் கிடப்பவரை ஏழு மணி நேரம் தூங்கினீர்கள் என்று வாழ்த்தும். மனச்சோர்வு உள்ளவர்கள் அசையாமல் கிடப்பதில் வல்லவர்கள். ஆனால் மணிக்கட்டுக் கருவியைப் பக்குவமாகப் பயன்படுத்தவும் முடியும். ஆக்ஸ்போர்டில் நிக்கோல் டாங், ஆலிசன் ஹார்வி ஆகியோர் 2004-ல், தூக்கம் வராதவர்களுக்கு அவர்கள் சொன்ன கணக்கையும் கருவி காட்டிய கணக்கையும் பக்கத்தில் வைத்துப் பொறுமையாக விளக்கினார்கள். தூக்கத்தைப் பற்றிய பதற்றம் குறைந்தது. கணக்கும் கருவியை நெருங்கி வந்தது. "நீ தூங்கினாய்" என்று குற்றம் சாட்டுவதிலிருந்து இது வெகு தூரம்.

குறட்டைக்கு நடுவே மூச்சு நின்று திணறி எழுகிறவராக இருந்தால் கதையே வேறு. அது உறக்க மூச்சுத்தடை; தூங்கியும் தூங்காத உணர்வையும் மனச்சோர்வு போன்ற அசதியையும் அதுவே உண்டாக்கும், அதற்குச் சிகிச்சையும் தனி. வீட்டார் கேட்ட குறட்டை டாக்டருக்கு அப்போது முதல் தடயம்.

மனச்சோர்வுதான் என்றால் தூக்கத்தை அதன் வால் என்று விட்டுவிடக் கூடாது என்பது இந்த இருபது வருடங்களில் வலுப்பட்ட கருத்து. தூக்கமின்மை உள்ளவருக்குப் பின்னால் மனச்சோர்வு வரும் வாய்ப்பு ஏறத்தாழ இரு மடங்கு என்று பாக்லியோனி குழு 2011-ல் பல ஆய்வுகளைத் தொகுத்துக் காட்டியது. ஸ்டான்போர்டின் ரேச்சல் மேன்பர் 2008-ல் 30 பேரிடம் செய்த சிறிய சோதனையில், மனச்சோர்வு மாத்திரையோடு தூக்கத்துக்கான நடத்தைப் பயிற்சியும் பெற்றவர்களில் 61.5 சதவீதம் பேர் நோயிலிருந்து மீண்டார்கள். அந்தப் பயிற்சி பெறாதவர்களில் 33.3 சதவீதம் பேர். பயிற்சியின் மையம் கேட்பதற்கு விபரீதமாக இருக்கும்: படுக்கையில் கிடக்கும் நேரத்தைக் குறைப்பது. பத்து மணிக்கே படுத்துப் புரள்வதை விட்டு, நள்ளிரவுக்கு மேல் படுத்து தினமும் ஒரே நேரத்தில் எழ வேண்டும். தூக்கப் பசி ஏறி டெல்டா அடர்த்தியாகும். விழித்துக் கிடந்து மனதை ஒட்டுக் கேட்கும் நேரம் சுருங்கும். கிரேன் ஓட்டுகிறவர், லாரி ஓட்டுகிறவர், ஷிப்ட் மாறி மாறி வருகிறவர் டாக்டர் மேற்பார்வை இல்லாமல் இதில் இறங்கக் கூடாது. முதல் சில நாள் பகல் தூக்கம் தள்ளும். ஷிப்ட் தொழிலாளிக்கு எழும் நேரம் ஒன்றாக இருப்பதே முதல் சிக்கல்; நேர அட்டவணை ஆலையின் கையில் இருக்கிறது.

வட சென்னையில் இருப்பவருக்கு ஸ்டான்லி அரசு மருத்துவமனை பக்கத்தில். 1794-ல் தொடங்கிய கீழ்ப்பாக்கம் மனநலக் காப்பகமும் தூரமில்லை. நேரில் போகத் தயங்குகிறவர்கள் டெலி மானஸ் மனநல உதவிக்கான 14416 எண்ணில் எந்த நேரமும் தமிழில் பேசலாம், விடியற்காலை மூன்று மணிக்கும்.